அம்மா பார்க்கும் பக்கம்

பிப்ரவரி 3, திங்கள்

இன்றும் அதே சண்டை. காதுகுத்து பேனருக்கு வந்தவர், குழந்தையின் தலைக்கு மேல் காலியாக இருக்கிறது, ஒரு மயில் போடுங்கள் என்றார். போட்டேன். மயிலுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதாம். செம்மேட்டில் பிளெக்ஸ் கடை வைத்தது என் தப்பு.

பிப்ரவரி 4

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் முதல் வருட நினைவு நாள். பேனர் என் பொறுப்பு. அம்மாவுக்குத் தனியாக ஒரு போட்டோகூட இல்லை. யார் கல்யாணத்திலோ எடுத்த படத்தில், கூட்டத்தின் ஓரமாக, பாதித் தோள் வெட்டுப்பட்டு நிற்கிறாள். அதிலிருந்து எடுத்தேன். வலப்பக்கம் எதையோ பார்க்கிறாள். அந்தப் பக்கம் முழுவதும் ஒன்றும் வைக்காமல் விட்டேன். பார்க்கிற பக்கத்தை அடைத்தால் முகத்துக்கு மூச்சு முட்டும். கீழே பெயர்: ருக்குமணி. அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் கால் நீட்டிப் படுக்க இடம் கிடைக்காதவள். இதிலாவது கிடைக்கட்டும்.

பிப்ரவரி 5

அண்ணன் தனபால் வந்து பார்த்தான். "பாதி போர்டு வெத்தா கெடக்குதே கண்ணு. பங்காளி, மாமன் மச்சான் பேரெல்லாம் எங்க போடறது?"

போட வேண்டாம் என்றேன். கத்தினான். நானும் கத்தினேன். செத்தது அவங்களா? எல்லாருக்கும் எடம் வேணும், அம்மாவுக்கு மட்டும் வேண்டாமா? உசுரோட இருந்தப்ப ஒருத்தன் கேட்டானா அவள—

சாப்பிடவில்லை.

பிப்ரவரி 7

அண்ணன் நாமக்கல்லில் வேறு கடையில் பேனருக்குக் கொடுத்துவிட்டானாம். அண்ணி போனில் சொன்னாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வீட்டு முன்னால் அண்ணனின் பேனரைக் கட்டியிருந்தார்கள். ரோஜா, புறா, அழுகிற கண், கட்சிக்காரர்கள் இரண்டு பேர். சொந்தக்காரர்கள் பெயர் ஒன்றுவிடாமல் இருந்தது. அம்மா மூலையில், ஸ்டாம்பு மாதிரி. கும்பிட வந்தவர்கள் அவரவர் பெயரைத் தேடினார்கள். தன் பெயர் கீழே போய்விட்டதென்று மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

நான் மேலிருந்து கீழே படித்தேன். மறுபடியும் படித்தேன். "எங்கள் அன்புத் தாயார்" என்று இருக்கிறது. அம்மாவின் பெயர் இல்லை. சாயங்காலம் வரை ஒருவரும் கேட்கவில்லை.

அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து முன்னால் நிறுத்தினேன். "அம்மா பேரு எங்கண்ணா?"

வெகுநேரம் தேடினான்.

பிப்ரவரி 11

அண்ணன் கடைக்கு வந்தான். "உன்னோடதயே அடிச்சுக் குடு" என்றான்.

எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, பெயரை மட்டும் அழித்தேன். அவனை என் நாற்காலியில் உட்கார வைத்து, அம்மா பேரை நீயே டைப் அடி என்றேன். என் கீபோர்டுக் கட்டைகளில் தமிழ் எழுத்துகள் கிடையாது; எது எங்கே என்று என் விரலுக்குத்தான் தெரியும். 'ரு' எங்கே இருக்கிறது என்று கேட்டான்.

நான் சொல்லவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.