மரியானின் செம்பட்டை

3 பிப்ரவரி 2025, திங்கள்

வெளியே சொன்னால் கடையை இழுத்து மூடவேண்டியதுதான். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்: இந்த ஊரில் நான் நினைவஞ்சலிப் படம் வரைந்து கொடுத்த அத்தனை பேர் தலையிலும் இருப்பது என் முடி.

கடை போட்ட புதிதில், சீப்பில் சிக்கிய ஒரு கொத்தை ஸ்கேன் செய்து, படம் வரைகிற சாஃப்ட்வேரில் அதை ஒரு பிரஷ்ஷாகச் செய்து வைத்தேன். ஒரு கோடு இழுத்தால் போதும், கொத்தாக முடி விழும். வழுக்கை அண்ணாச்சிகள்கூட என் கூந்தலோடுதான் பரலோகம் போயிருக்கிறார்கள். யாரும் குறை சொன்னதில்லை. கறுகறுவென்று அடர்த்தியாக இருந்தால் யார் சொல்வார்?

இன்று விஜிலா சொல்லிவிட்டாள்.

அவள் வீட்டுக்காரர் மரியான் போன மாதம் சங்கு குளிக்கப் போனவர். முங்கினார், ஏறவில்லை. சில நாள் கழித்து உடல் கரைக்கு வந்தபோது பெட்டியைத் திறக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் முகம் பார்க்கவே இல்லை. பதினைந்தாம் தேதி முப்பதாம் நாள் பூசை. பூசையில் கொடுக்கிற நினைவு அட்டையில் போட ஒரு படம் வேண்டும். இருப்பது கரி அப்பின மாதிரி ஓர் ஆதார் படமும், தலையில் துண்டு கட்டிக்கொண்டு வள்ளத்தில் நிற்கிற செல்போன் படமும். இரண்டையும் வைத்து வரைந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மூக்கு அவுகதான். கண்ணும் அவுகதான். முடி வேற யாருதோ யக்கா."

யாருடையது என்று எனக்கல்லவா தெரியும்.

அவருக்குச் செம்பட்டை முடியாம். அதை மட்டும் மாற்றச் சொன்னாள்.

4 பிப்ரவரி

மாறமாட்டேன் என்கிறது. கலர் பெட்டியில் செம்பட்டை தெரிகிறது. தலை கறுப்பாகவே இருக்கிறது. சிவப்பு கொடுத்தேன், பச்சை கொடுத்தேன். கறுப்பு.

சாயங்காலம் விஜிலா வந்து நின்றாள். பிரிண்டரில் இங்க் தீர்ந்துவிட்டது என்று அளந்தேன். அவள் திரையைப் பார்த்தாள். திரைக்கு எதுக்கு இங்க்? ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். கேட்டிருந்தால்கூடத் தேவலை.

6 பிப்ரவரி

மரியானின் அக்கா அல்போன்சா வந்தாள். கறுப்பாகவே இருக்கட்டும் என்கிறாள். "ஊருல எல்லாருக்கும் கறுப்பாத்தான போடுதீய? என் தம்பிக்கு மட்டும் என்ன கொறச்சலு?" பிறகு குரலைத் தாழ்த்தி, விஜிலா இன்னும் ஒரு சொட்டு அழவில்லை, முடி கலரைப் பற்றித்தான் பேசுகிறாள், தெருவே ஒருமாதிரி பேசுகிறது என்றாள்.

நானும் 'அப்படியா' என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டேன். ஒன்றிரண்டு நானும் சேர்த்துச் சொன்னேன். இந்த வாய் இருக்கிறதே—

ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. முகம் பார்க்காமல் புதைத்தவள் வேறு எதைப் பற்றித்தான் பேசுவாள்?

7 பிப்ரவரி

கண்டுபிடித்தேன்! பிரஷ்ஷை இரண்டு தடவை தட்டினால் ஒரு கட்டம் திறக்கிறது. அதன் அடியில் கலரைசேஷன் என்று ஒரு வரி. அதில் 'நன்', அதாவது ஒன்றுமில்லை, என்று கிடந்தது. நீ என்ன நிறம் கொடுத்தாலும் நான் செய்த நிறத்திலேயே இருப்பேன் என்று அர்த்தம். என் மாமியாருக்கு அடுத்தபடி இப்படி ஒரு பிடிவாதத்தை நான் பார்த்ததில்லை. அதை 'டின்ட்ஸ்' என்று மாற்றினேன். ஏற்கெனவே போட்ட கோடுகளையும் மாற்றவா என்று கேட்டது. பயந்துபோய் வேண்டாம் என்று அமுக்கித் தொலைத்தேன். மத்தியானம் வரைக்கும் ஏன் மாறவில்லை என்று கம்ப்யூட்டரைத் திட்டிவிட்டு, மறுபடி போய் ஆமாம் என்றேன்.

மாறியது. ஆனால் வெளுத்துப்போய். துவைத்துத் துவைத்துச் சாயம் போன காவித் துண்டு மாதிரி. மரியானுக்குப் பத்து வயசு கூடிவிட்டது.

கிட்டத்தில் வந்து கைவிட்டுப் போனது. விஜிலாவுக்கு என்ன சொல்ல?

8 பிப்ரவரி

குற்றம் என் தலையில்தான். நிஜமாகவே.

டின்ட்ஸ் என்றால், பிரஷ்ஷில் சுத்தக் கறுப்பாக இருக்கிற இடம் மட்டும்தான் கொடுத்த நிறத்தை முழுசாக வாங்கும். கறுப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு வெளுக்கும். என் முடி கறுப்பு என்றே இத்தனை நாள் நம்பியிருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் பழுப்பு, சாம்பல், நடுநடுவே இன்னதென்று சொல்லமுடியாத ஒன்று. சரி, அது எனக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள ரகசியம். பிரஷ்ஷை ஒரு வெற்றுப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, எல்லா இழையையும் சுத்தக் கறுப்பாக்கி, புதிதாகச் செய்து, டின்ட்ஸ் கொடுத்து, தலையை முதலிலிருந்து வரைந்தேன்.

கொடுத்த நிறத்தை அப்படியே வாங்கிக்கொண்டது. கொடுக்கவேண்டிய நிறம் எது?

விஜிலாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். முந்தானையில் உடன்குடிக் கருப்பட்டி ஒன்றை முடிந்து கொண்டுவந்தாள். மேசை விளிம்பில் தட்டி உடைத்தாள். "மேப்பக்கம் இல்ல. இந்தா, இந்த ஒடஞ்ச எடம். வெயில்ல நின்னாகன்னா இப்படித்தான் இருப்பாக." ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். நான் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். இன்னும் செவப்பு என்றாள். இல்ல, கொஞ்சம் கொறைங்க என்றாள். பிறகு கருப்பட்டி பிடித்த கையைத் தாழ்த்தினாள்.

விரலை நீட்டி, கண்ணாடித் திரையில் அவர் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள்.

"இப்பத்தான் யக்கா, அவுக செத்துட்டாகன்னு தோணுது."

கருப்பட்டி கையில் இளகுகிற வரைக்கும் அழுதாள். நான் மவுஸைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

10 பிப்ரவரி

அட்டை அச்சாகி வந்தது. நிறம் தப்பவில்லை.

15 பிப்ரவரி, சனி

பூசைக்கு நானும் இவரும் போனோம். எல்லார் கையிலும் மரியான். அல்போன்சா அட்டையை ஜெப புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். வாசலில் என் வீட்டுக்காரர் தங்கப்பாண்டி நாலு பேரை நிறுத்தி, எத்தனையோ வருசம் உப்புத்தண்ணியில் முங்கினால் முடி செம்பட்டை ஆகாமல் என்ன செய்யும் என்று பாடம் நடத்தினார். நானும் விடவில்லை: அது கடல் கொடுத்த நிறம், அதைப் பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் என்றேன். மரியானோடு சங்கு குளிக்கிறவர் ஒருவர் தலையை ஆட்டினார். "மரியானே சொல்லுவாம்லா, கடல்ல முங்குதவனுக்கு நரைக்காதுன்னு."

கடல் ஒருவனை எடுப்பதற்கு முன்னால் முடியிலிருந்து தொடங்குகிறது போலும். இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் கடலையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

24 பிப்ரவரி

விஜிலா வந்தாள். முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. என்னைக் குனியச் சொல்லிப் பார்த்து, வகிடெல்லாம் வெளுத்துக் கிடக்கிறதே என்றாள். வீட்டில் மருதாணிப் பொடி ஒரு பாக்கெட் மிச்சம் இருக்கிறது, வீணாகப் போய்விடும், நீங்களாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று மேசைமேல் வைத்தாள். உனக்கா வாங்கினாய் என்று கேட்டேன்.

"எனக்கெதுக்கு? அவுகளுக்குத்தான். முப்பத்தஞ்சு வயசுலயே தல பூரா வெள்ளையாப் போச்சு. நரை தெரிஞ்சா கெழவன்னு வள்ளத்துல ஏத்தமாட்டாங்கன்னு மாசாமாசம் நான்தான் பூசிவிடுவேன்."