சனிக்கிழமை சபைக்கு வா

டேட்டன், வியாழன்

அன்புள்ள அம்மா,

சனிக்கிழமை நம் பழங்கால ராஜா-ராணி வேஷக் குழுவின் முகாமில் அரசவை கூடும்போது சமையல் கூடாரத்தைவிட்டு வெளியே வா. "ராஜா வேஷம் போட்ட பிளம்பர் டுவெய்ன் முன்னாடி நான் எதுக்குடி நிக்கணும்? அண்டாவை யாரு கழுவுவா?" என்பாய். அண்டா காத்திருக்கும்.

அரசவையில் ராஜா கொடுக்கும் விருதுப் பட்டயங்களின் வாசகத்தை எழுதுவது நான்தானே. பெறுபவரிடம் முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்பது வழக்கம், அதனால் எதுவும் கேட்காதே.

இந்த முறை வாள், வீரம் என்று எழுதவில்லை. 'பசித்து வந்த எவரையும் திருப்பி அனுப்பாதவர்' என்று எழுதினேன்.

"நம்ம மாதிரி அவங்க பழங்காலப் பேரு ஒண்ணும் வெச்சுக்கலையே, யாருன்னு எழுதுவே?" என்றார் டுவெய்ன்.

"சொந்தப் பேரே போதும் மகாராஜா," என்றேன். எப்படித்தான் வாய் வந்ததோ!

என் பட்டமளிப்பு விழாவில் கதவோரம் நின்றுவிட்டுப் போனாய். சனிக்கிழமை முன்வரிசையில் உட்கார், அம்மா.

உன் மகள்