பருப்பு ஏன் வேகவில்லை?

அக்டோபர் 4, 1999, திங்கள்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. ஒன்பதாம் வகுப்புக்குக் கடினநீர் பாடம். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள், மணி அடித்தது. வருடக்கணக்காக இப்படித்தான். மரிய அனிதா கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினாள். திட்டத் தோன்றவில்லை. எனக்கே தூக்கம் வந்தது.

அக்டோபர் 6

பழைய மாணவி ஒருத்தியின் அண்ணன் ராமநாதன், சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்தவர். அவர் கொடுத்த கம்ப்யூட்டரில் இன்று இணையம் வந்துவிட்டது! டெலிபோன் வயரைச் செருகியதும் அது கரகரவென்று கத்தியது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இணையத்தில் ஒரு வகுப்பறை அமைத்திருக்கிறார். இங்கே பிள்ளைகள் எழுதிப் போட்டால், குன்னூரில் ஒரு பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு படித்துப் பதில் எழுதும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

"என்ன எழுதச் சொல்றது?" என்றேன்.

"கேள்வி. அவங்களுக்கு உண்மையிலேயே தெரிஞ்சுக்கணும்னு இருக்கிற கேள்வி."

தலைமையாசிரியை ஞானமணி சிஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செய்ங்க சகாயராணி. ஆனா பாடம் பின்தங்குச்சுன்னா கம்ப்யூட்டர் ரூமைப் பூட்டிருவேன்" என்றார்.

அக்டோபர் 8

விசாலி தட்டிய கேள்வி: எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது, ஏன்?

மாலைக்குள் குன்னூரிலிருந்து பதில். எங்களுக்கும் வேகவில்லை. ஆனால் நாங்கள் மழைத்தண்ணீரில்தானே சமைக்கிறோம்?

வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. நான் வாயைத் திறந்தேன். தேனம்மை கத்தினாள்: "டீச்சர், சொல்லாதீக! நாங்களே கண்டுபிடிக்கிறோம்."

மூடிக்கொண்டேன். கொஞ்சம் வலித்தது. பதில் சொல்லாமல் இருப்பது இவ்வளவு கஷ்டமா?

அக்டோபர் 12

'எங்கள் palliyil தண்ணீர் கொதிக்கிறது' என்று குன்னூர்க்காரிகள் எழுதியிருந்தார்கள். அனிதா அதைப் 'பல்லியில்' என்று வாசித்துவிட்டாள். ஒரு மணி நேரம் யாரும் அடங்கவில்லை. நானும்தான்.

அக்டோபர் 14

ஆளுக்கொரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்துவிட்டார்கள். விசாலி வீட்டுக் கிணறு, மானகிரிக் கிணறு, கல்லல் ஊர்க் குழாய். நேற்றைய மழையில் நிரம்பிய முற்றத்து அண்டாவிலிருந்து தேனம்மை மொண்டு வந்தது. ஆய்வகத்தில் அடுப்பு மூட்டி, ஒரே அளவு பருப்பு, ஒரே அளவு நேரம். எல்லாம் அவர்கள் முடிவு செய்தது. சோப்பைக் கரைத்து எதில் நுரை வருகிறது என்றும் பார்த்தார்கள். ஒரே இரைச்சல்.

சிஸ்டர் வந்து நின்றார். "இது வகுப்பா, அடுப்படியா?"

மாலையில் கூப்பிட்டுச் சொன்னார்: "திங்கட்கிழமை நானே வந்து கேள்வி கேப்பேன். பதில் வரலன்னா பூட்டுதான்."

எனக்கு எதுக்கு இந்த வம்பு? பேசாம நோட்ஸ் கொடுத்துட்டுப் போயிருக்கலாம்ல? பிள்ளைக ஒரு வரிகூட மனப்பாடம் பண்ணலையே...

அக்டோபர் 17, ஞாயிறு

பூசையில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. மதியம் இடி மழை.

அக்டோபர் 18

மழையில் பள்ளி டெலிபோன் செத்துவிட்டது. குன்னூரிலிருந்து எதிர்பார்த்த பதில் வரவில்லை. சிஸ்டர் மட்டும் சரியாக வந்துவிட்டார்.

"கடினநீர்னா என்ன? அனிதா, நீ சொல்லு."

போச்சு என்று நினைத்தேன். அவள் வரையறை சொல்லவில்லை. மழைத்தண்ணீரிலும் கிணற்றுத் தண்ணீரிலும் வேகவைத்த பருப்பை இரண்டு கிண்ணத்தில் எடுத்து நீட்டினாள். "ரெண்டையும் நசுக்கிப் பாருங்க சிஸ்டர்."

ஒன்று மாவாகக் குழைந்தது. மற்றது பொடிக்கல் மாதிரி. அப்புறம்தான் கால்சியம், மக்னீசியம் எல்லாம் சொன்னாள், நிதானமாக, கையை ஆட்டி ஆட்டி.

"கொதிக்கவச்சாச் சரியாயிருமே?"

"எல்லாத் தண்ணியும் சரியாகாது. விசாலி வீட்டுத் தண்ணியக் கொதிக்கவச்சு ஆறவச்சும் பாத்தோம். அப்பவும் நுரை வரல சிஸ்டர்."

அது நான் இன்னும் நடத்தாத பாடம்!

சிஸ்டர் விடவில்லை. "அப்ப மழைத்தண்ணியில சமைக்கிற குன்னூர்ல ஏன் வேகல?"

அனிதா சிரித்தாள். "தெரியல சிஸ்டர். நான் குளிர்னாலங்கிறேன். தேனம்மை உயரம்தான் காரணங்கிறா. கொதிக்கிற தண்ணியில தெர்மாமீட்டர் வச்சுப் பாக்கச் சொல்லியிருக்கோம். லைன் வந்தாத்தான் தெரியும்."

சிஸ்டர் விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். மதியம் குடையோடு திரும்பி வந்தார். "டெலிபோன் ஆபீசுல சொல்லிட்டு வந்துட்டேன். நாளைக்கு ஆள் வருது" என்றார். நான் பார்த்த பார்வையில் சிரித்துவிட்டார். "என்ன பாக்குறீக? எனக்கும் தெரிஞ்சாகணும்ல!"

அக்டோபர் 20

லைன் வந்தது. பதிலும் காத்திருந்தது. குன்னூரில் தண்ணீர் தொண்ணூற்று நான்கு டிகிரியிலேயே கொதித்துவிடுகிறதாம். திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார்களாம்.

"கொதிச்சும் சூடு பத்தல!" தேனம்மை பெஞ்சின் மேல் ஏறிக் குதித்தாள். அனிதா தோற்றுப்போயும் அவளைவிடச் சத்தமாகக் கத்தினாள். "அதுக்குத்தான் குக்கரு!" என்று யாரோ சொல்ல, காற்றழுத்தப் பாடம் தானாகவே ஆரம்பித்தது.

நவம்பர் 3

பஸ் மானகிரியில் நின்றுவிட்டதால் வகுப்புக்குத் தாமதம். ஓடிப்போய்ப் பார்த்தால், குன்னூர் அனுப்பிய புதுக் கேள்வியோடு விசாலி கரும்பலகை முன்னால் நிற்கிறாள். சண்டை மும்முரம். கடைசி பெஞ்சில் ஞானமணி சிஸ்டர். நகர்ந்து இடம் கொடுத்தார்.

கேட்டுக்கொண்டே இருந்ததில் எனக்கும் ஒரு சந்தேகம் வந்து வாயைத் திறந்துவிட்டேன்.

"டீச்சர், கையத் தூக்கிட்டுப் பேசுங்க" என்றாள் விசாலி. "ஒங்களுக்கு முன்னாடி சிஸ்டர் கையத் தூக்கிட்டு இருக்காக."