சித்தி கொட்டாத கஞ்சி

அன்பு ஸ்டெல்லாக்கா,

நீ போய் இரண்டு வருஷமாகிறது. உன் கல்லறையில் நின்றுகூட உன்னோடு நான் சண்டை போட்டதில்லை. இன்று போடப்போகிறேன்.

நீ என் கையில் விட்டுப்போன பிரின்சிக்கு மூச்சு வாங்குகிறது. கடலூர் செம்மண்டலத்து வீட்டு மாடிப்படியில் ஏறுவதற்குள் இரண்டு முறை உட்காருகிறாள். வியாழக்கிழமை சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் அவள் நெஞ்சின் நடுவே நெடுக ஓடும் தழும்பைப் பார்த்து, "எப்ப ஆபரேஷன் பண்ணுனீங்க?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் உன் மகள் முந்திக்கொண்டாள்.

"ஆபரேஷன்லாம் இல்ல சார். நான் பாப்பாவா இருக்கச்சொல்ல சித்தி கஞ்சி கொட்டிட்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

சுனாமி வந்த வருஷம், பத்து மாதக் குழந்தையைச் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோமே. இதயத்து ஓட்டையை அடைத்துத் திரும்பும்போது, "பொட்டப் புள்ளடி. நெஞ்சக் கிழிச்சது தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்? நீ கஞ்சி கொட்டிட்டன்னு சொல்லிடுவோம்" என்றாய். தலையாட்டினேன். வருஷா வருஷம் காட்டச் சொன்னார்கள். ஊர் கேட்குமே என்று இரண்டு தடவையோடு நிறுத்திவிட்டாய். ஓட்டையை அடைத்தால் எல்லாம் சரி என்று நானும் இருந்தேனே, என் புத்தி எங்கே போனது?

இப்போது வால்வு கசிகிறதாம். இதயத்தின் வலது பக்கம் பெருத்துவிட்டதாம். "கொழந்தைல பண்ணுன ஆபரேஷன்மா, ஆயுசுக்கும் செக்கப் வேணும். ஏன் இவ்ளோ லேட்டு?" என்றார். மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டுமாம். தாங்குவாளா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார். பெற்ற அப்பனாயிற்றே என்று துபாயில் இருக்கும் மாமாவுக்குப் போன் போட்டால் அவர் அழுகிறார். நான் யாரிடம் அழுவது?

திரும்பி வரும் பஸ்ஸில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அப்ப நீ கொட்டலியா சித்தி?"

"இல்லடி தங்கம்."

"நீ சோறு ஊட்ட வந்தா எத்தினி வாட்டி தள்ளிவுட்டிருக்கேன்... அம்மாவுக்கு இது தெரியுமா?"

உன் போட்டோவுக்கு முத்தம் கொடுக்காமல் தூங்காத பிள்ளை, அக்கா. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரியும் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இனி ஒரு செக்கப்கூட விடமாட்டேன். கேட்கிறவர்கள் எல்லாரிடமும் ஆபரேஷன் என்றே சொல்வேன், சத்தியம். நீ அங்கே யார் காலையாவது பிடி. ஏன்மா மறைச்சேன்னு கேட்க அவள் உன்னிடம் வந்துவிடக் கூடாது. என்னிடமே கேட்கட்டும், ஆயுசு முழுக்கக் கேட்கட்டும்.

உன் கூடப்பிறந்தவள்,
பிரின்சியின் சித்தி மேரி