கத்தி படாத சீமை அத்தி

கவரைப்பேட்டை,
10.3.2025

மதிப்பிற்குரிய மருமகள் சுமலதா அவர்களுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்திற்கு இத்தனை தாமதமாகப் பதில் எழுதுவதைப் பொறுத்தருள வேண்டும். தொலைபேசியில் அழைத்திருக்கலாம். ஆனால் நாம் இருவரும் பேசத் தொடங்கினால் இரண்டு பக்கமும் பேச்சு நின்றுவிடுகிறது. அதற்குக் கடிதம் மேல்.

என் மகனும் உன் கணவனுமான பார்த்திபனின் முதலாண்டுத் திதி மாசியில் நிறைவேறியது. சமைத்தேன், காக்கைக்கு வைத்தேன், பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தேன். நீ வரவில்லை. இதைக் குறையாக எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

இக்கடிதத்தின் நோக்கம் வேறு. தோட்டத்தில் நீ நட்டு வளர்த்த சீமை அத்தி, மதில் சுவரைத் தாண்டி உயர்ந்துவிட்டது. உயரம் இருக்கிறது, காய் இல்லை. உச்சியில் வந்த நாலைந்தையும் பறவைகள் தின்றுவிட்டன. இலைகளின் அடியில் துரு போன்ற புள்ளிகள் தோன்றி உதிர்கின்றன. தொழிற்சாலைக் கரித்தூள் படிகிறதே என்று மாலைதோறும் மரம் முழுவதையும் குழாய்நீரால் குளிப்பாட்டி வருகிறேன். ஆயினும் பயனில்லை. காரணம் அறிந்து தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
உன் மாமியார்,
ரா. சின்னப்பொண்ணு


ஆரம்பாக்கம்,
16.3.2025

அன்புள்ள அத்தைக்கு,

என் பேருக்குப் பின்னாடி ‘அவர்களுக்கு’ன்னு போட்டிருக்கீங்களே, எங்கம்மா கரண்டு ஆபீஸ் நோட்டீஸுன்னு பயந்துட்டாங்க. தெருவுக்கே மனு எழுதிக் குடுக்கற கை, வேற எப்டி எழுதும்! மளிகைப் பொட்டலத்தப் பிரிச்சிப் பிரிச்சித் தானா படிச்சிக்கினவங்க நீங்க. நான் பன்னெண்டாவது வரைக்கும் போயும் பேசறாப்லதான் எழுத வருது.

திதிக்குக் கெளம்பினேன் அத்தே. ஸ்டேஷன் வரைக்கும் வந்து, ரயிலும் வந்துது. ஏறாம ஊட்டுக்குத் திரும்பிட்டேன்.

மார்கழில கிளைய வெட்டி உட்டீங்களா, இல்லியா? அத்த மொதல்ல சொல்லுங்க. புதுசா வர்ற கிளைலதான் காய் நெறைய வெக்கும். வெட்டலன்னா மேல மேல போய்க்கினே இருக்கும். சாயந்தரத்துல இலைய நனைக்காதீங்க, ராவெல்லாம் ஈரம் நின்னா துரு வந்துடும். காலைல வேர்ல ஊத்தினா போதும். கொட்டின இலைய பெருக்கி எரிச்சிடுங்க. வெட்டும்போது பால் பட்டா கொப்புளம் வரும், கைக்குத் துணி சுத்திக்கினு வெட்டுங்க.

இன்னொண்ணு சொல்லணும். இப்ப வாணாம்.

உங்க,
சுமலதா


கவரைப்பேட்டை,
28.3.2025

மருமகள் சுமலதாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

மார்கழியில் வெட்டவில்லை. துக்கம் நிகழ்ந்த வீட்டில் ஆண்டு நிறைவுறும்வரை எதையும் புதிதாகத் தொடங்கலாகாது என்பது நம் வழக்கம். சுவருக்கு வெள்ளையடிக்கவில்லை, பொங்கல் வைக்கவில்லை. அதே முறையில் மரத்திலும் கத்தி வைக்கவில்லை. பக்கத்து வீட்டு ஞானம்மா கத்தியும் கையுமாக வந்து, “இன்னாம்மா, செடிக்குமா தீட்டு? அது இன்னா புதுப் பொடவையா கேக்குது?” என்று சிரித்தாள். அவளைத் திருப்பி அனுப்பினேன். மரத்திற்கு இவ்வழக்கம் கிடையாது என்று நான் எங்கும் படித்ததில்லை.

சென்ற வாரம் நானே வெட்டினேன். துணி சுற்றிக்கொள்ளவில்லை. மறுநாள் மணிக்கட்டில் கொப்புளங்கள் எழுந்திருப்பதை ஞானம்மா சுட்டிக்காட்டிய பிறகே கண்டேன். வலி தெரியவில்லை.

அவள் மற்றொரு செய்தியும் சொன்னாள். காட்டுப்பள்ளியில் வேலை பார்க்கும் ஒருவர் வீட்டிலிருந்து உன்னைப் பெண் பார்த்துச் சென்றார்களாம். நீ எழுதாமல் நிறுத்தியது இதுதானா? இதுதானெனில் எழுதிவிடு. எனக்கும் ஞானம்மாவுக்கும் ஒரே நாளில் தெரியவேண்டிய செய்தி அல்ல அது.

இப்படிக்கு,
உன் மாமியார்,
ரா. சின்னப்பொண்ணு


ஆரம்பாக்கம்,
6.4.2025

அத்தே,

நெஜம்தான். பேரு அன்புராஜ். கப்பல் கட்டற எடத்துல வெல்டரு. நல்ல மாதிரி. வர்ற 30ஆம் தேதி சிறுவாபுரி கோயில்ல தாலி கட்டறதுன்னு பேசி முடிச்சிட்டாங்க.

ஆனா அவங்கம்மா ஒண்ணு சொல்லிட்டாங்க. “பழைய ஊட்டு ஆளுங்க ஒருத்தரும் கல்யாணத்துல நிக்கக் கூடாது. அப்பாலயும் போக்குவரத்து கூடாது.” இவரக் கேட்டா, “அத்த நான் பாத்துக்கறேன், நீ பேஜாரு பண்ணிக்காத”ன்றாரு. அவங்கம்மா எதிர்ல இவரு வாயத் தொறந்து நான் பாத்ததில்ல.

உங்க புள்ள பைக்ல ஷிப்டுக்குப் போய்ப் பொணமா வந்த அன்னிக்கி, என் பொட்ட அழிக்க வந்தவங்கள வாசல்லயே மறிச்சி, “என் மருமவ மேல கைய வெச்சிப் பாருங்கடி”ன்னு வெரட்டினது நீங்கதானே. இன்னும் பொட்டோடதான் கீறேன். நீங்க இல்லாம நான் எப்டி மணையில உக்காருவேன்? நீங்க வரக் கூடாதுன்னா இந்தக் கல்யாணமே வாணாம்னு சொல்லிடறேன். ஒரு வார்த்த எழுதுங்க.

உங்க,
சுமலதா


கவரைப்பேட்டை,
19.4.2025

சௌபாக்கியவதி சுமலதாவுக்கு,

ஆசிகள். கடிதம் கிடைத்தது. மறுமொழி எழுத உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் எழுந்துபோய் வேறு வேலை பார்த்தேன். அதனால் தாமதம்.

திருமணம் வேண்டாமென்று எவரிடமும் சொல்லாதே. மாமியார் என்ற முறையில் நான் உனக்கு இடும் கடைசிக் கட்டளை இது.

நான் வருவேன். சிறுவாபுரி முருகனைப் பார்க்க நாள்தோறும் கூட்டம் வருகிறது. அங்கே யாரும் யாரையும் யாரென்று விசாரிப்பதில்லை. ஓரமாக நின்று, தாலி ஏறுவதைப் பார்த்துவிட்டு, அர்ச்சனைத் தட்டோடு வெளியேறிவிடுவேன். நீ என்னைக் கண்டால் கண்டதாகக் காட்டிக்கொள்ளாதே. அருகில் வந்து காலில் விழவும் வேண்டாம். உன் சுபாவம் எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

நான் அழுகிறேனோ என்று எண்ணி நீ கலங்க வேண்டியதில்லை. உன் கடிதத்தைப் படித்தபோது அழுகை வரவில்லை. திதியன்றும் வரவில்லை. சோறு பொங்குகிறேன், தெருவைப் பெருக்குகிறேன். உடம்பு நலமாகவே இருக்கிறது.

பங்குனி வெயிலில் வெட்டியதால் அத்தியின் இரு கிளைகள் நுனியிலிருந்து காய்ந்து வருகின்றன. ஒன்றில் மட்டும் துளிர் தெரிகிறது. காய்க்குமா என்று சொல்லத் தெரியவில்லை. வெட்டிப் போட்ட கிளையொன்றை ஞானம்மா பெயின்ட் டப்பாவில் ஊன்றி வைத்தாள். அது இரண்டு இலை விட்டிருக்கிறது. உனக்குக் கொண்டுவர எண்ணினேன். யார் கொடுத்தது என்று உன் புகுந்த வீட்டில் கேட்பார்கள். ஆகவே கொண்டுவரவில்லை.

திருமணத்திற்குப் பின் எனக்குக் கடிதம் எழுதாதே. யாருக்கு எழுதுகிறாய் என்றும் கேட்பார்கள்.

இப்படிக்கு,
சின்னப்பொண்ணு

பி.கு.: முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று நீ எழுதவில்லை. முதல் பேருந்தில் புறப்பட வேண்டுமா என்பது அதைப் பொறுத்தது. விரைவில் பதில் எழுதவும்.