தீமோவின் கடைசி வாசல்

போமோரியே,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஸ்டாமென் அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறேன், எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

போன வாரம் தொலைக்காட்சியில் என்னைப் பார்த்திருப்பாய். இந்த மாயக்கதைத் தொடரை எதற்காக எழுதுகிறீர்கள் என்று கேட்டார்கள். சின்ன வயதிலிருந்தே கடல்பாம்புகள் மேல் ஆசை என்று அளந்துவிட்டேன். நிகழ்ச்சி முடிந்ததும் அம்மா தொலைபேசியில், "பொய் சொல்றதுலயும் ஒரு அளவு வேணாமாடி? பாம்புப் படத்தப் பாத்தாலே கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சவதானே நீ!" என்று சிரித்தாள்.

நிஜக் காரணம் உனக்குத் தெரியும். அப்பாவின் படகு திரும்பாத அந்தக் குளிர்காலத்தில், அம்மா சூப்பைக் கிளறிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள், வாயில் வைக்கமாட்டாள். படகு மூழ்கவில்லை, கடலுக்கு அடியில் ஒரு நாடு இருக்கிறது, தீமோ என்ற மாலுமி அங்கே வாசல் வாசலாகக் கடந்து வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார் என்று நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அன்று கிண்ணம் காலியாயிற்று. பதிப்பாளர் கேட்பதற்கு முன்னால், "அடுத்த வாசல்ல யாரு நிக்கிறா?" என்று கேட்டது அம்மாதான். அப்படித்தான் ஐந்து புத்தகமும் வந்தன.

இப்போது ஆறாவது. இதோடு முடி என்கிறார்கள். தீமோ கடைசி வாசலுக்கு வந்துவிட்டார். அது நம் வீட்டுப் பச்சைக் கதவு. திறந்து உள்ளே வரவிட்டால் பொய், வெளியிலேயே நிறுத்தினால் அம்மா தாங்கமாட்டாள். எழுதி எழுதிக் கிழித்துப்போட்டதுதான் மிச்சம்.

இன்று காலை ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினால், அதே கதவில் அப்பா! தெருவில் எல்லார் வீட்டுக் கதவிலும் செத்தவர்களின் படம் போட்ட தாள் இருக்கிறது; நம் கதவை மட்டும்தானே அம்மா இத்தனை வருடமும் வெறுமையாக வைத்திருந்தாள்? கண்மண் தெரியாத கோபம் வந்தது. அப்பா படம் போட்ட தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு நேரே பக்கத்து வீட்டுப் பென்கா அத்தையிடம் போய்க் கத்தினேன். அவர், "என்ன ஏண்டி திட்டுற? உங்கம்மாதான் எங்கிட்ட பசை வாங்கிட்டுப் போனா" என்றார்.

அம்மா அடுப்படியில் அப்பாவின் நினைவுக்குப் படைக்கக் கோதுமை வேகவைத்துக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த தாளைப் பார்த்து, "பசை கூடக் காயல, அதுக்குள்ள கிழிச்சிட்டியா?" என்றாள். உனக்காகத்தானே இத்தனையும் எழுதினேன் என்று அழுதேன்.

"எனக்காகவா?" என்று கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "அவரு வரமாட்டாருன்னு எனக்கு அந்தக் குளிர்காலமே தெரியும்டி. நீ எழுதும்போதுதான் கொஞ்சம் மனுஷியா இருந்த. அதனாலதான் அடுத்த வாசல், அடுத்த வாசல்னு கேட்டுட்டே இருந்தேன். பாவம், அவரும் நடந்து நடந்து களைச்சிட்டாரு. படுக்க விடு."

அண்ணா, அதன்பிறகு நான் ஒரு வரி எழுதவில்லை. அம்மா மேல் கோபமும் வருகிறது, காலில் விழவும் தோன்றுகிறது.

அச்சுக்கடைக்காரர் கொடுத்த கட்டுக்குள் இன்னும் தாள்கள் இருக்கின்றன. இனி தான் ஒட்டப்போவதில்லை, பிள்ளைகள்தான் ஒட்ட வேண்டும் என்கிறாள் அம்மா. அப்பாவின் படத்துக்குக் கீழே என் பெயருக்கு முன்னால் உன் பெயர் இருக்கிறது. கடலே கண்ணில் படக்கூடாது என்று மாட்ரிட்டுக்குப் போனவன் நீ. உன்னை நான் ஒருநாளும் வா என்று கூப்பிட்டதில்லை.

இப்போது கூப்பிடுகிறேன். கடலைப் பார்க்க வேண்டாம், பேருந்து நிலையத்திலிருந்து பின்தெரு வழியாகவே வந்துவிடலாம். தாளை நீ நேராகப் பிடித்துக்கொள், நான் பசை தடவுகிறேன். தனியாக என்னால் அப்பாவை வீடு சேர்க்க முடியவில்லை.

பத்திரமாக வா.

உன் தங்கை,
ஸ்லாத்தினா