தூணுக்குள் போட்ட நவதானியம்

ரங்கூன், லத்தா
1928, கார்த்திகை 12

அன்புள்ள மனைவி தைலம்மாளுக்கு,

நான் சுகம். உன் சுகத்தையும் அப்பாவின் இருமல் எப்படியிருக்கிறது என்பதையும் எழுது.

இங்கே கட்டுவது புதுமாதிரி வீடு. எல்லாம் இரும்புக் கம்பியும் சிமெண்டும்தான். பூ வேலை, வளைவு, விளக்கு மாடம் எதுவும் கூடாதென்று இஞ்சினீயர் துரை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதல் தூண் வார்த்தபோது, நம் ஊர் வழக்கம்போலப் பலகை அடைப்புக்குள் ஒரு பிடி நவதானியம் போட்டுவிட்டேன். அது ஊறி உப்பிவிட்டது. பலகையைக் கழற்றினால் தூணின் அடியெல்லாம் அம்மைத் தழும்பு!

"என்னப்பா, தூணுக்குச் சாப்பாடு போட்டியா?" என்று மேஸ்திரி சொக்கன் சிரித்தார். துரை சிரிக்கவில்லை. குழிகளை அடைக்கச் சொன்னார், அடைத்தேன். வேலை போகவில்லை, கவலைப்படாதே.

தையில் நம் வீட்டுக்கு வாசல் நிலை வைக்கும்போது என்னால் வர முடியாது. தானியத்தை நீயே உன் கையால் போடு. நாளையும் நேரத்தையும் முன்னதாகவே எழுது, மறந்துவிடாதே. தூணில் ஒரு கடலை அளவு குழியை மட்டும் அடைக்காமல் விட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் அதில் விரலை வைத்துக்கொண்டு நிற்பேன்.

தபாலுக்கு நேரமாகிறது.

குழந்தைவேலு